சுக்கானை ஆட்டினியா?

சாவியைத் திருகப் போன மகனின் கையை நோர்மா பட்டென்று தட்டிவிட்டாள். சாவி நழுவிப் படகின் பின்தட்டில் விழுந்து, நல்லவேளையாகத் தண்ணீருக்குள் போகாமல் விளிம்பிலேயே நின்றது.

"என்னம்மா?" என்றான் கேரத். "மணி எட்டே கால். அப்பாவோட பெட்டியைக் கொண்டுவந்துருவாங்க."

"சத்தம் போடாதே. கீழே பாரு."

கேரத் புதுக் கருப்பு கால்சட்டையோடு முழங்கால் போட்டுக் குனிந்தான். சுக்கானின் மேல்தட்டில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில், குச்சிகளும் போன வருஷத்து நாணல் தண்டுகளும் ஒரு கூடை அளவுக்குக் குவிந்திருந்தன. நடுநடுவே நீல நைலான் கயிறு, ஒரு சிப்ஸ் பாக்கெட், யாருடையதோ ஷூ லேஸ். எல்லாவற்றுக்கும் மேலே கன்னங்கரேலென்று ஒரு பறவை, நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாமக்கோழி.

"கடவுளே. முட்டை இருக்கா?"

"அது எழுந்தாத்தானே தெரியும்."

எஞ்சின் ஓடத் தொடங்கினால் கூட்டுக்கு ஒரு கை தூரத்தில் விசிறி சுற்றும். அது கிளப்புகிற தண்ணீரில் கூடு ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. கேரத் படகில் வளர்ந்தவன் இல்லை. ஆனால் அது தெரியாதவனும் இல்லை. எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். நோர்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

நோர்மாவின் கணவர் வில்ஃப் சாவதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். அவருடைய அப்பாவின் உடலைக் கருப்பு வண்டியில் கொண்டுபோனபோது முன்னால் ஒரு குப்பை லாரி நாற்பது நிமிஷம் வழிவிடாமல் நின்றதாம். அந்த அவமானத்தை அவர் ஐம்பது வருஷம் மறக்கவில்லை. "என்னை ரோட்டுல கொண்டு போயி சிக்னல் சிக்னலா நிறுத்தாதே, நோரி. நம்ம மேபல்லயே கொண்டு போ. தகனக்கூடம் கால்வாய்க்கரையிலதானே இருக்கு?" என்றார். சரி என்று அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாள். மேபல் என்பது இந்தப் படகு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வீட்டை விற்று வாங்கியது. அதுதான் அவர்களுக்கு வீடும் வாசலும். தகனத்துக்குக் குறித்த நேரம் இரண்டரை மணி. படகு மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போகும். வழியில் தண்ணீரைக் கட்டிப் படகை ஏற்றி இறக்கும் மதகு ஐந்து, சுரங்கம் ஒன்று. ஒன்பதுக்குள் கிளம்பியாக வேண்டும்.

கேரத்துக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அந்தக் கூடு நோர்மா சொன்ன பொய்யால் வந்த கூடு.

ஒரு காலத்தில் மரக்கப்பல்கள் வந்து பலகை இறக்கிய துறை, மேபல் நிற்கும் இந்த இடம். கப்பல் வருவது நின்ற பிறகு முப்பது வருஷம் எண்ணெய்ப் படலமும் செத்த எலியுமாகக் கிடந்தது. அப்புறம் ஜூடித் பெல் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, ரப்பர் பூட்ஸ் போட்ட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, இரும்புச் சுவரோரம் மிதவை கட்டி நாணல் வளர்த்தாள். நாணல் வந்ததும் மீன் குஞ்சு வந்தது, மீனைத் தேடி முக்குளிப்பானும் சாம்பல் நாரையும் வந்தன. சரளைக்கல் கொட்டிய மிதவையில் ஆலாப் பறவைகள் வந்து முட்டையிட்டன. ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். வில்ஃபுக்கு மட்டும் எரிச்சல். "தண்ணியை வெட்டினது படகுக்கு. இவ என்னடான்னா வாத்துக்குப் பட்டா போட்டுக் குடுக்கறா" என்பார். படகைத் திருப்பும் இடத்தில் மிதவை கட்டிவிட்டாள் என்று எட்டு புகார்க் கடிதம் எழுதினார். ஜூடித்துக்கு அவர் வைத்த பெயர் கோரைப்புல் ராணி.

பறவைகளுக்கு அவர் எதிரி என்று சொல்ல முடியாது. தன் படகில் ஏறாதவரை எந்தப் பறவை மேலும் அவருக்குப் புகார் கிடையாது. ஆனால் நாமக்கோழிக்கு மேபலின் சுக்கான்மேல் ஒரு கண். பிப்ரவரி கடைசியில் ஆரம்பிக்கும். விடிவதற்குள் இரண்டு குச்சியைக் கொண்டுவந்து வைக்கும். வில்ஃப் எழுந்து, டீகூடக் குடிக்காமல், பைஜாமாவோடு பின்தட்டுக்கு வந்து சுக்கான் கைப்பிடியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மூன்று முறை ஆட்டுவார். குச்சி தண்ணீரில் விழும். "போடி, வேற வீடு பாரு" என்பார். மே மாசம்வரை தினமும் இது நடக்கும். பத்து வருஷமாக அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அவரை ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். இனி மருந்தில்லை என்றானவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற இடம். துறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நோர்மா அங்கேயே ஒரு சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டாள். தினமும் காலையில் கண் திறந்ததும் வில்ஃப் கேட்ட முதல் கேள்வி, "சுக்கானை ஆட்டினியா?"

"ஆட்டிட்டேன்" என்றாள் நோர்மா.

முதல் நாள் யோசிக்காமல் சொன்னது. மறுநாள் கேட்டபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவரை அரைநாள் விட்டுவிட்டுப் போக அவளுக்குப் பயம். போய்த் திரும்புவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? ஆக, முப்பத்தோரு காலை, முப்பத்தோரு பொய். நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவரிடம் அவள் மொத்தமாகச் சொன்ன பொய்கூட அத்தனை இருக்காது. அவர் போன பிறகும் படகுக்கு வர மனசு வராமல் அக்கா வீட்டில் இரண்டு வாரம் கிடந்தாள். நேற்று சாயங்காலம் கொட்டும் மழையில் வந்து, முன்பக்கமாக ஏறி, நனைந்த உடையை மாற்றிப் படுத்தவள்தான். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா, நீ உள்ள போ" என்றான் கேரத். கூரைமேல் கிடந்த கொக்கிக் கழியை எடுத்துவிட்டான். "நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் பாக்கல, உனக்கு ஒண்ணும் தெரியாது."

"முட்டை இருந்தா தப்புடா. சட்டப்படியே தப்பு."

"அப்பாவை எரிக்கப் போற அன்னிக்கு எந்தச் சட்டம்மா வந்து கேக்கப் போகுது? அப்பா இருந்தா என்ன பண்ணியிருப்பாரு, நீயே சொல்லு."

குச்சியாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முட்டை வரைக்கும் விவகாரம் ஒரு வருஷமும் போனதில்லை. அதனால் முட்டைக்கு அவர் என்ன செய்வார் என்பது அவளுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

"கழியைக் குடு" என்றாள். "வாக்குக் குடுத்தது நான். நானே பண்றேன்."

துக்கத்துக்கென்று தங்கை மகள் வாங்கித் தந்த கருநீல உடையோடு பின்தட்டில் குப்புறப் படுத்தாள். கழியை மெல்ல இறக்கிக் கூட்டின் ஓரத்தில் கொக்கியைக் கோத்தாள். எதிர்ப்பக்க நாணலிலிருந்து ஆண்பறவை கத்திக்கொண்டு தண்ணீர்மேல் ஓடி வந்தது. கூட்டில் இருந்தது ஓடவில்லை. கழியைக் கொஞ்சம் நெம்பினாள். கூடு சாய்ந்ததில் ஒரு முட்டை தெரிந்தது. மங்கலான மணல் நிறம், மேலெல்லாம் மிளகு தூவினாற்போல் புள்ளி. பறவை இறக்கையை விரித்துக் கழுத்தை நீட்டி அப்படியே தட்டையாகக் குச்சிகளோடு ஒட்டிக்கொண்டது. சிவப்புக் கண் அவளையே பார்த்தது. கொக்கியை ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி அழுந்திக்கொண்டது.

நோர்மா கழியை வெளியே இழுத்தாள். எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே முகத்தை இரும்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்னால முடியாது, கேரத்."

"அம்மா..."

"கடைசி மூணு நாள், நர்சுங்க அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வருவாங்க. பேச்சு நின்னுபோச்சு, ஆனா கை பட்டதும் இப்படித்தான் மெத்தையோட மெத்தையா அழுந்திப்பாரு. புரட்டாதீங்க, விட்டுடுங்கன்னு நான்தான் சொன்னேன். இதை எப்படிடா நான் தள்ளுவேன்?"

 கேரத் கழியை அவள் கையிலிருந்து வாங்கிக் கூரைமேல் வைத்துவிட்டு, அவளைத் தூக்கி உட்காரவைத்து, உடையில் ஒட்டியிருந்த துருவைத் துடைத்தான்.

கருப்பு வண்டி கல்பாவிய கரையில் வந்து நின்றது. அடக்க ஏற்பாடு செய்யும் ஆஸ்குட், தொப்பியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, சுக்கானை எட்டிப் பார்த்தார். முப்பது வருஷத் தொழிலில் எதைக் கண்டும் அசராத மனிதர்.

"பரவாயில்ல மேடம். ரோட்டு வழியாவே போயிடலாம். இந்நேரத்துக்கு ட்ராஃபிக் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான்."

நோர்மா தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பெட்டி வண்டிக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. ஒருபுறம் வாக்கு, மறுபுறம் முட்டை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது தன் வாய்தான் என்று நினைத்தாள்.

அப்போதுதான் ஜூடித் வந்தாள். எதிர்க்கரை மிதவையில் நின்று இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் போல. பூட்ஸில் சேறு, ஆனால் மேலே கருப்புக் கோட்டு. சாவுக்கென்றே போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"நோர்மா, எங்க படகு இருக்கு" என்றாள். "நீங்க சரின்னா."

கேரத் சிரித்தே விட்டான். "அந்தச் சேத்துத் தட்டா? அப்பா எழுந்து உக்காந்துடுவாரு."

"எழுந்து உக்காந்தா நல்லதுதான்" என்றாள் நோர்மா.

அது களை வெட்டவும் நாணல் சுமக்கவும் வைத்திருந்த நீளமான, கூரையில்லாத தட்டைப்படகு. பாட்டரியில் ஓடும். அதன் மோட்டாரைத் தையல் மிஷின் என்றுதான் வில்ஃப் சொல்வார்.

"அவருக்குப் பிடிக்காதுன்னு தெரியும்" என்றாள் ஜூடித். "எட்டு கடுதாசியையும் பத்திரமா வெச்சிருக்கேன்."

"அவருக்கு எதுதான் பிடிச்சுது? நேரத்துக்குப் போய்ச் சேருமா?"

"சேரும். நடுவுல டீ குடிக்க நிறுத்தாம இருந்தா."

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தட்டைக் கழுவினார்கள். நடுவதற்காகச் சுருட்டி வைத்திருந்த நாணல் பாய்களை இறக்க நேரமில்லை. ஆஸ்குட்டின் ஆட்கள் நாலு பேர் பெட்டியைத் தோளில் கொண்டுவந்து, இரண்டு பலகை போட்டு, அந்தச் சுருள்களுக்கு நடுவில் இறக்கினார்கள். ஆஸ்குட் கயிற்றைத் தானே இழுத்துக் கட்டினார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, தகனக்கூடத்தில் காத்திருப்பதாகச் சொல்லி, காலி வண்டியோடு ரோட்டு வழியாகப் போனார். கேரத் மதகுகளை முன்கூட்டியே திறந்துவைக்கக் கரைப்பாதையில் சைக்கிளில் கிளம்பினான். கழுத்துப் பட்டி தோளுக்குப் பின்னால் பறந்தது.

தையல் மிஷின் சத்தமில்லாமல் ஓடியது. துறையின் வாயைத் தாண்டும்போது நோர்மா மேபலைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. முதல் மதகு கழிந்தது. சுரங்கத்துக்குள் நுழைந்து, தண்ணீர் சொட்டும் இருட்டில் இருபது நிமிஷம் போய், வெளிச்சத்துக்கு வந்தார்கள். ஜூடித் சுக்கானைப் பிடித்திருந்தாள். நோர்மா பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"தினமும் கேட்டாரு, ஜூடித்" என்றாள் திடீரென்று. "சுக்கானை ஆட்டினியான்னு. தினமும் ஆட்டிட்டேன்னு சொன்னேன். ஒரு நாள்கூட நான் போகல. அவரு நம்பிட்டே செத்தாரு. அதான் இன்னிக்கு என் மூஞ்சியில அடிச்ச மாதிரி அது வந்து உக்காந்திருக்கு."

 வளைவு ஒன்று வந்தது. ஜூடித் அதைத் தாண்டினாள்.

"அவருக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் போன் பண்ணேன். மார்ச்சுல, பதினெட்டாந்தேதி. நீங்க சூப் குடிக்கக் கீழே போயிருந்தீங்களாம். இந்த வருஷம் லேட்டாத்தான் வந்துச்சு, ரெண்டு நாளாக் குச்சி சேருது, வில்ஃப், யாரும் ஆட்டல, உங்க படகு, அதனால கேக்கறேன், நான் வேணா ஆட்டிவிடட்டுமான்னு கேட்டேன். கேக்காம விட்டுடத்தான் எனக்கு ஆசை. பத்து வருஷமா அந்தப் பறவை அங்க வரணும்னு காத்திருந்தவ நான். ஆனா சாகக் கிடக்கற மனுஷனை ஏமாத்தக் கூடாதில்ல?"

நோர்மா அவளையே பார்த்தாள்.

"'நோரி ஆட்டிட்டேன்னு சொல்றா'ன்னாரு. இல்ல வில்ஃப், நான் தினம் இங்கதானே நிக்கறேன், யாரும் வரலன்னேன். 'அவ ஆட்டிட்டேன்னா ஆட்டியாச்சு. நீ சும்மா இரு, அதைத் தொடாதே'ன்னாரு. முட்டை போட்டுட்டா படகு நகராதே, உங்களை எப்படிக் கொண்டு போவாங்கன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'தெரியும்'னாரு. 'அவகிட்ட சொல்லாதே'ன்னாரு. அப்புறம் என் நாணலைப் பத்தி ஏதோ திட்டிட்டு வெச்சுட்டாரு."

நோர்மா விரல்விட்டு எண்ணினாள். பதினெட்டுக்குப் பிறகு அவருக்குப் பேச்சு நிற்க ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் அவர் கேட்டார். கண்ணைத் திறந்து, உதட்டை நனைத்துக்கொண்டு, அதே குரலில், சுக்கானை ஆட்டினியா என்று. கேட்பதைத் திடீரென்று நிறுத்தியிருந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவள் ஆட்டிட்டேன் என்றதும் நல்லது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் அவள் கையைத் தேடிப் பிடித்து, "குளிரா இருந்திருக்குமே, காலங்காத்தால" என்றுகூடச் சொன்னார்.

"படுபாவி" என்றாள் நோர்மா பெட்டியைப் பார்த்து. "சொல்லியிருக்கலாமில்ல? தெரியும்டீன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" வாளியிலிருந்து சரிந்து இறங்கி, ஈரத்தட்டில் உட்கார்ந்து, பெட்டியின் பக்கப்பலகையில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதாள். இறந்த அன்றும் அவள் இப்படி அழவில்லை. ஜூடித் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அது நல்லதாகப் போயிற்று.

அடுத்த மதகை கேரத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கதவைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் ஏறி முன்னால் போனான்.

பாலத்தைத் தாண்டியதும் எதிரே ஒரு சிவப்புப் படகு வந்தது. ஓட்டியவர் தாடிக்காரர், கையில் டீக் கோப்பை. வெயில் கண்ணில் பட்டதால் ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு, கால்வாயில் எதிரெதிர் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதைக் கேட்டார். மதகைத் திறந்தே வைப்பதா மூடுவதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமே.

"உங்க பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?"

நோர்மா எழுந்து நின்றாள். ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்று குரல் கொடுத்தாள். "நாங்க மட்டும்தான்."

படகு நெருங்கியது. அவர் பெட்டியைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினை அடக்கினார். இரண்டு படகும் ஒன்றையொன்று உரசாமல், சத்தமில்லாமல் கடந்தன. அவருடைய படகு கிளப்பிய சிற்றலை கரை நாணலில் போய் மோதியது. நாணல் கொஞ்ச நேரம் அசைந்துவிட்டு நின்றது.